ஆறு நொடிக்கு ஒரு சொட்டு

ஒரு சொட்டு விழுந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு என்று உதடு அசையாமல் தங்கப்பழம் எண்ணினார். அடுத்த சொட்டு விழுந்தது. சரியாகத்தான் விழுகிறது. முப்பத்திநாலு வருஷம் கல்லூரி வேதியியல் லேபில் அட்டெண்டராக இருந்த மனுஷனுக்குச் சொட்டு எண்ணக் கடிகாரம் எதற்கு. நிமிஷத்துக்குப் பத்து சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி. மணிக்கு முப்பது மில்லி. பாட்டிலில் இருப்பது நூறு. காலையில் பத்து மணிக்கு பியூலா சிஸ்டர் திறந்துவிட்டாள், ஒண்ணேகால் வாக்கில் முடியும். பாட்டில் மேல் ஒட்டிய தாளில் சோடியம் குளோரைடு மூன்று சதவீதம் என்று போட்டிருந்தது. நூறு மில்லியில் மூணு கிராம். மூணு கிராம் உப்பு எவ்வளவு இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளங்கையில் கொட்டினால் நடுக்குழிகூட நிறையாது. அவ்வளவுதான் மருந்து. அந்தக் குழி நிறையாத உப்பை மூணேகால் மணி நேரமாக்கி, ஆறு நொடிக்கு ஒரு சொட்டாக, வீட்டுக்காரி செல்லக்கனியின் இடது கையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் மகள் வயசு இருக்கிற டாக்டர் பிள்ளை ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ரத்தத்துல சோடியம் நூத்திப் பன்னிரண்டுதான் இருக்கு ஐயா, நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும்" என்றாள். "அப்ப இருபத்திமூணையும் இப்பவே ஏத்திருங்கம்மா" என்று இவர் பதறினார். அவள் தலையை ஆட்டினாள். "ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏறக் கூடாது. வேகமா ஏத்தினா மூளை நரம்பு கெட்டுப்போகும். அப்புறம் உப்பு சரியா இருக்கும், அவங்க இருக்க மாட்டாங்க." அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நேற்றிலிருந்து தங்கப்பழம் மென்றுகொண்டிருக்கிறார். உப்பு சரியா இருக்கும், அவங்க இருக்க மாட்டாங்க. இன்று காலை நூத்திப் பதினாறு. நாலு ஏறியிருக்கிறது.

செல்லக்கனி கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள். பெண்கள் வார்டின் கோடியில் ஜன்னலோரக் கட்டில். வெளியே வேப்பமரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள், பிறகு மெல்லத் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவனைப் பார்க்கிற பார்வை. "சார், நீங்க யாரப் பாக்க வந்தீய?" என்று மரியாதையாகக் கேட்டாள். நேற்றிலிருந்து நாலாவது தடவை. முதல் தடவை, "ஏளா, நான்தான் தெரியலையா" என்று கத்திவிட்டார். இரண்டாம் தடவை அழுதுவிட்டார். இப்போது, "உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றார். "தங்கப்பழம் வந்தாச்சா? தங்கப்பழம்னு எங்க வீட்டுக்காரரு" என்று அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கட்டின நாள் முதலாக முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. ரேஷன் ஆபீஸில் புருஷன் பெயர் கேட்டால் மகள் தமயந்தியைப் பார்ப்பாள், தமயந்திதான் சொல்ல வேண்டும். பெயரில் பழம் இருக்கிறது என்பதற்காக வாழைப்பழத்தை வாழைக்கனி என்பாள். "அப்ப உன் பேரச் சொல்லிக்கிடுதியே" என்று இவர் கேலி செய்வார், "என் பேர நான் சொல்லலாம்" என்பாள். இப்போது ரிஜிஸ்டரில் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயர் பளிச்சென்று வருகிறது. எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாளும். தினமும் ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டதற்கு உள்ளே இந்தப் பெயர் அடியில் கிடந்ததா. இவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அதோடு, சொல்ல வெட்கம், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பெயரை அவள் அவ்வளவு அழகாகச் சொன்னாள். ஆனால் இது தனியாக நிற்கிற பெயர், இவரோடு ஒட்டவில்லை. இவரையே பார்த்துக்கொண்டு அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனை வாசலில் தேடுகிறாள்.

தனியாக நிற்கிற சாமான் எதுவும் சும்மா இருக்காது, அது இவருக்குத் தெரியும். சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் முக்கித்தான் வைக்க வேண்டும். முப்பத்திநாலு வருஷம் அந்தப் பாட்டிலுக்கு மண்ணெண்ணெய் மாற்றினவர் இவர்தான். இடுக்கியால் எடுத்து, தாளில் ஒற்றி, கத்தியால் அறுத்தால் வெண்ணெய்க்கட்டி மாதிரி அறுபடும். அறுபட்ட முகம் வெள்ளியாகப் பளபளக்கும், எண்ணி முப்பது எண்ணுவதற்குள் மங்கிப்போகும், காற்றிலேயே எதையாவது பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குச் செல்லக்கனியை லேபுக்குக் கூட்டிப்போனார். தராசுக்கும் பர்னருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை எல்லாம் கொடுத்து முடிந்து, ஆள் யாரும் இல்லாத நேரம். பட்டாணி அளவு சோடியத்தை வெட்டிக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போட்டார். அது உருண்டு திரண்டு முத்தாகி, தண்ணீர்மேல் உஸ்ஸென்று ஓடியது, ஓடி ஓடிக் கடைசியில் குப்பென்று மஞ்சளாகப் பிடித்துக்கொண்டது. செல்லக்கனி இவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தாள். "தண்ணிக்குள்ள தீயா?" அப்புறம் பிளீச்சிங் பவுடரில் ஆசிட்டைச் சொட்டவிட்டு, ஜாடியில் பச்சையும் மஞ்சளுமாகப் படர்ந்த குளோரினைத் தூர நின்று காட்டினார். "மோந்தா நெஞ்ச அடைச்சிரும், விஷம்" என்றார். "அந்தத் தீயையும் இந்த விஷத்தையும் சேத்தா என்ன வரும் சொல்லு பாப்போம்." "என்ன வரும், பூகம்பமா?" "உப்பு. நீ குழம்புல போடுத உப்பு." அவள் சிரிக்கவில்லை. ஜாடியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ராஜா பேக்கரி வளைவில் நின்று, "இதையா நான் தெனமும் கையால அள்ளிப் போடுதேன்" என்றாள். "ரெண்டும் சண்ட போடாம எப்படிங்க உள்ள இருக்கு?" "ரெண்டும் இப்ப ரெண்டு இல்ல செல்லக்கனி. அது வேற ஒண்ணு ஆயிட்டு." அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு ஜாடியைத் திறக்கும்போது அவள் ஒரு நொடி நின்றதை இவர் பார்த்தார். ப்ரொபசர்மார் எத்தனையோ பேர் சேர்மம், தனிமம், கலவை என்று போர்டில் எழுதிப் போட்டதை இவர் கேட்டிருக்கிறார். யாரும் அப்படி நின்றது இல்லை.

சொட்டு விழுந்தது. எத்தனை எண்ணினோம் என்று விட்டுப்போயிற்று. போகட்டும். பாட்டிலில் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இவ்வளவு தெரிந்த மனுஷன் என்ன செய்தான்? அதை நினைக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் சொட்டையே எண்ண ஆரம்பித்தார், ஆனால் நினைப்பு சுற்றிச் சுற்றி அந்த அடுப்படிக்கே போய் நிற்கிறது. செல்லக்கனிக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்தது தை மாதம். அப்போது பார்த்த டாக்டர் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதி, "உப்பைக் குறைச்சுக்கங்க, ஒரு மாசத்துல ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க" என்றார். குறைச்சுக்கங்க என்றுதான் சொன்னார். நிறுத்து என்று சொல்லவில்லை. ஆனால் செல்லக்கனியின் அண்ணன் சுயம்புலிங்கம் ரத்தக்கொதிப்பில் கை கால் விழுந்து, மூக்கில் டியூப் போட்டு, பதினோரு நாள் கிடந்து போனதை இவர் கூடவே இருந்து பார்த்தவர். அந்தப் பயம் உள்ளே புகுந்துகொண்டது. குறைத்தால் நல்லது என்றால் சுத்தமாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டார். மோருக்கு உப்பு இல்லை. ரசத்துக்கு இல்லை. இட்லிக்குக்கூட இல்லை. "அட்டையத் திங்க மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னாள், "உடம்புக்கு நல்லது" என்றார் இவர். போதாக்குறைக்குத் தண்ணீர். தண்ணீர் நிறையக் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று யாரோ சொன்னார்கள். ரிட்டயர் ஆகும்போது லேபில் ஒதுக்கிப் போட்ட ஒரு லிட்டர் அளவு ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்திருந்தார், விளிம்பில் கொஞ்சம் உடைசல், கோடெல்லாம் சரியாக இருக்கும். அதில் கண் மட்டத்துக்குக் குனிந்து கோடு பார்த்து ஊற்றி, காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கப்போகும்முன் ஒன்று. "வயிறு தொம்முன்னு இருக்குங்க" என்பாள். "குடி" என்பார். கரைசலில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். முப்பத்திநாலு வருஷம் கரைசல் தயாரித்துப் பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டினவனுக்குத் தன் வீட்டுக்காரியும் ஒரு கரைசல்தான் என்று தோன்றவில்லை. அளவு ஜாடி வைத்து அளந்து அளந்து ஊற்றி அவளை நீர்க்கவைத்தான், பாவி. மறதி வந்தபோது வயசு என்று நினைத்தார். வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூஜை மணியை ஃபிரிட்ஜில் வைத்தாள். அப்போதும் இவர் ஜாடியைக் கழுவி, கோடு பார்த்து ஊற்றிக் கொடுத்தார்.

பியூலா சிஸ்டர் கஞ்சி டம்ளரோடு வந்தாள். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க, நான் ஒரு தடவ குடுத்துப் பாக்கேன்." கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி, "பாட்டி, ஆ சொல்லுங்க பாப்போம்" என்றாள். செல்லக்கனி நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தாள். கஞ்சி நாக்கில் பட்டதும் முகம் மாறியது. துப்பிவிட்டாள். துப்பினது மட்டுமில்லை, புறங்கையால் நாக்கைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு இருக்கு. வேண்டாம்." "உப்பு இருக்கணும்லா பாட்டி, உங்களுக்கு உப்புதான் மருந்து." "வேண்டாம். தங்கப்பழத்துக்கு ஏதாவது ஆயிரும்." "யாருக்கு?" "அவருக்கு ஏதாவது ஆயிரும்" என்று மறுபடி சொல்லிப் பல்லைக் கடித்து உதட்டை மூடிக்கொண்டாள். பியூலா இவர் பக்கம் திரும்பினாள். "நேத்தும் இப்படித்தான் அண்ணாச்சி. வெறும் பால்னா குடிக்காங்க. உப்புள்ளது எதுவும் உள்ள போக மாட்டேங்கு. உப்பு மாத்திரையும் துப்பிட்டாங்க." டம்ளரைச் சின்ன மேஜையில் வைத்தாள். "ஏத்துத உப்பு ஆபத்தத் தாண்டத்தான். மீதி வாய் வழியாத்தான் போகணும். இந்தப் பாட்டில் முடியும்போது டாக்டர் வருவாங்க, அதுக்குள்ள உப்புள்ளது ஒண்ணும் சாப்பிடலன்னா மூக்குல டியூப் போடச் சொல்லிட்டாங்க." மூக்குல டியூப். சுயம்புலிங்கத்தின் மூக்கில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்த டியூப் இவர் கண் முன்னால் வந்தது. "டியூப் வேண்டாம்மா" என்றார். "நானா போடணும்னு ஆசப்படுதேன்? நீங்க பேசிப் பாருங்க. பாட்டில்ல மட்டும் கை வைக்காதீய." அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். செல்லக்கனி ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவளைப் போல மூச்சு வாங்கினாள். பினாத்துகிறாள் என்று தங்கப்பழம் நினைத்தார். உப்பு குறைந்த மூளை என்னவெல்லாமோ பேசும் என்று டாக்டர் பிள்ளையே சொன்னாளே.

பாட்டிலிலிருந்து இறங்கும் டியூபில், சொட்டைக் கூட்டிக் குறைக்கிற நீலச் சக்கரம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கட்டைவிரலால் ஒரு தள்ளு. ஆறு நொடிக்கு ஒரு சொட்டு என்பது மூணு நொடிக்கு ஒன்று ஆகும், ரெண்டு மடங்கு உப்பு, ரெண்டு மடங்கு செல்லக்கனி. டாக்டர் வரும்முன் அவள் கொஞ்சம் தெளிந்து, கஞ்சியைக் குடித்துவிட்டால் டியூப் வேண்டாம். பியூலா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். தங்கப்பழத்தின் கை போயிற்று. சக்கரத்தைத் தொட்டும் விட்டது. தொட்டதும் விரலுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. பியூரெட் குழாய்த் திருகைப் பிடித்த விரல் அல்லவா. பரீட்சை அன்று பிள்ளைகள் வரிசையாக நின்று காரத்துக்குள் அமிலத்தைச் சொட்டவிடுவார்கள், கலர் மாறுகிற சொட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது, ஒரு திருகு கூடத் திருகிவிடுவார்கள். முடிந்தது. போனது போனதுதான், கூடிப்போன சொட்டை உறிஞ்சி வெளியே எடுக்க முடியாது. "அண்ணாச்சி, கூடிப்போச்சு" என்று கண்ணில் தண்ணீரோடு வந்து நிற்பார்கள். இவர் சூப்பர்வைசர் பார்க்காத நேரம் குடுவையைக் கழுவி, மறுபடி எடுத்துக் கொடுப்பார். "மொதல்ல இருந்து செய்யி மக்கா, சொட்டு சொட்டா விடு." அவர்களுக்கு இன்னொரு குடுவை இருந்தது. இவருக்கு இன்னொரு செல்லக்கனி எங்கே இருக்கிறாள். விரலை எடுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார், துடைக்கத் துடைக்க வேர்த்தது.

வேர்வை. லேபில் சுடரில் பிளாட்டினக் கம்பியைக் காட்டி என்ன உப்பு என்று கண்டுபிடிப்பார்கள். தாமிரம் என்றால் பச்சை, கால்சியம் என்றால் செங்கல் சிவப்பு. சோடியம் என்றால் மஞ்சள், கண்ணைக் கூசும் மஞ்சள், லேசில் போகாது. கம்பியை விரலால் தொட்டுவிட்டாலே போதும், விரலில் இருக்கிற வேர்வைக்குச் சுடர் மஞ்சளாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் இவர் அதையே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தார். நெற்றி வேர்வை, மஞ்சள். உமிழ்நீர், மஞ்சள். அம்மா இறந்து பதினாறாம் நாள் வேலைக்கு வந்தபோது கண்ணைத் துடைத்த விரலால் கம்பியைத் தொட்டார், அதுவும் மஞ்சள். எல்லாவற்றுக்குள்ளும் அதே சாமான் உட்கார்ந்திருக்கிறது என்று அன்று உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு அந்தச் சிலிர்ப்பு பத்து மடங்காக வந்தது. தண்ணீரில் தீப்பிடிக்கிற அந்த உலோகம் உள்ளே இத்தனை இருந்தால் செல்லக்கனி. இத்தனை குறைந்தால் யாரோ. மகள் பிறந்த நட்சத்திரம், பால்காரன் பாக்கி, இவர் குறட்டைக்கு அவள் வைத்த பெயர், எல்லாம் ஒரு குழி உப்பைப் பிடித்துக்கொண்டா நிற்கிறது? யார் இப்படிச் செய்துவைத்தது? சாமி என்று ஒன்று இருந்தால் அது பெரிய லேப்காரனாகத்தான் இருக்க வேண்டும், கொஞ்சம்கூடக் கை நடுங்காத லேப்காரன். சரி, எல்லாம் கரைந்துபோயிற்று. நாள் கிழமை கரைந்தது, இவர் முகம் கரைந்தது. கரையாமல் ஒன்றே ஒன்று நிற்கிறதே, உப்பு வேண்டாம் என்று. அவருக்கு ஏதாவது ஆயிரும் என்று. எங்கே இருந்து வந்தது அது? மூன்று வாரமாக எந்த இடத்துக்குப் போகாமல் நினைப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டினாரோ அந்த இடத்தில் போய் நின்றார். மூணு வாரத்துக்கு முந்தி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பற்பொடி டப்பா. அதில் உப்பு. அவள் மாங்காய்க் கீற்றைத் தொட்டு வாயில் வைக்கும்போது இவர் அடுப்படிக்குள் நுழைந்தார். எத்தனை நாளாகத் திருட்டு உப்பு தின்றாளோ, அந்தத் திருட்டு உப்புதான் அவளை நிறுத்தி வைத்திருந்தது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. சுயம்புலிங்கத்தின் முகம்தான் தெரிந்தது. டப்பாவை ஜன்னல் வழியாக வீசினார். "இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். "பண்ணுதேன். எம்மேல சத்தியம்." "உம்மேல வேண்டாம், நீ மீறிருவ. எம்மேல பண்ணு." அவள் முகம் வெளுத்தது. "வேண்டாங்க. வெளையாடாதீய." இவர்தான் அவள் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து அழுத்தினார். அந்தக் கை நடுங்கினது இப்போதும் உச்சந்தலையில் இருக்கிறது. "வாயில உப்பு வைக்க மாட்டேன். உங்க மேல சத்தியம்." சத்தியத்தை மீறினால் யார் தலையில் அடித்தோமோ அவர் தலைக்கு ஆபத்து.

புருஷன் முகத்தை மறந்தவள் அவன் தலையை மறக்கவில்லை. அவன் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், அவனோ கஞ்சியை மேஜையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறான். ரத்தத்தை எடுத்து எந்த மெஷினில் போட்டால் இது தெரியும்? இதற்கு என்ன எண்? இரும்புத்தூளையும் கந்தகத்தையும் கலந்து வைத்தால் காந்தத்தைக் காட்டி இரும்பைப் பிரித்துவிடலாம். சூடு காட்டிவிட்டால் பிறகு எந்தக் காந்தத்தாலும் முடியாது. முப்பத்தெட்டு வருஷச் சூடு. இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே வெட்கமாக இருந்தது, இவ்வளவு பெரிய பொருளை அடுப்படியில் வைத்துக்கொண்டு அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோமே என்று. பாட்டிலில் இன்னும் ஒரு விரற்கடைதான் மிச்சம். எழுந்து அவளிடம் குனிந்தார். "ஏளா, செல்லக்கனி. அந்தச் சத்தியத்த விட்டுரு. நீ சாப்பிட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு சார் அதச் சொல்ல? அவரு கேட்ட சத்தியம். அவரு வந்து சொல்லட்டும்." சரியான பேச்சு. சுயநினைவு இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். சத்தியத்தை எப்படிக் கேட்பது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், எப்படித் திருப்பி எடுப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஊசி குத்தாத அவள் வலது கையைப் பிடித்தார். கட்டில் சட்டத்தில் நெஞ்சு இடிக்கக் குனிந்து, அன்றைக்கு வைத்த அதே இடத்தில், வழுக்கை விழுந்த தன் உச்சந்தலையில் வைத்தார். பக்கத்துக் கட்டில்காரி பார்த்தாள், பார்க்கட்டும்.

கை சும்மா கிடந்தது. பிறகு விரல்கள் அசைந்தன. தலையின் இடது பக்கம் ஒரு தழும்பு உண்டு, ஒரு விரல் நீளம், வரப்பு மாதிரி மேடாக இருக்கும். ஹைட்ரஜன் ஜாடிக்குப் பக்கத்தில் எவனோ தீக்குச்சியைக் கொண்டுபோய், ஜாடி வெடித்து, கண்ணாடி இவர் தலையில் பாய்ந்து ஏழு தையல் போட்டது. கல்யாணமான மறு வருஷம். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் தேய்க்கும்போது அவள் விரல் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகும், மேலே அழுத்தாது. இப்போது அந்த விரல்கள் தேடிப் போய் மேட்டைத் தொட்டன. நின்றன. சுற்றிக்கொண்டு போயின. "ஏங்க" என்று மேலே ஒரு குரல் கேட்டது. சின்னக் குரல், ரொம்ப தூரத்திலிருந்து நடந்து வந்த குரல். "ஏங்க, நீங்களா? எப்ப வந்தீய?" "இப்பத்தான்" என்றார் இவர், தலையைத் தூக்காமல். தூக்கினால் கை நழுவிவிடும் என்று பயம். "ஏளா, அன்னைக்குக் கேட்டனே சத்தியம், அத நான் எடுத்துக்கிட்டேன். புத்தி கெட்டுப்போய்க் கேட்டுட்டேன்." "எடுத்துட்டீயளா?" "எடுத்துட்டேன்." "ஒண்ணும் ஆகாதே?" "ஆகாது. நீ சாப்பிடலன்னாத்தான் எனக்கு ஆகும்." அவளே கையைத் தலையிலிருந்து மெல்லத் தூக்கினாள். ஆறிப்போன கஞ்சியை ஸ்பூனில் எடுத்தார், பாதி கட்டிலில் சிந்தியது. அவள் வாயைத் திறந்து வாங்கினாள். நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், பேக்கரி வளைவில் நின்ற அதே முகம். விழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து, "யாரு காய்ச்சினது, உப்பு கூடிப்போச்சு" என்றாள். தலைக்கு மேலே சொட்டு விழுந்துகொண்டிருந்தது, அவர் எண்ணவில்லை. அடுத்த ஸ்பூனை எடுத்து, கை நடுங்காமல், அவள் வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.